பின் வரிசைக்கு வராத குளிர்

ராயபுரம்
22 மே 2004, சனிக்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய சிலுவையம்மாள் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் நோயல் வணக்கம் சொல்லி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். நீங்களும், உங்கள் ஆஸ்பத்திரியும், அதில் படுத்திருக்கும் ஜனங்களும் நலமாயிருக்க வேண்டுகிறோம். நலம் என்று மேலே எழுதியதில் வண்டியைச் சேர்க்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை போனில் "வண்டி எப்படிடா இருக்கு" என்று கேட்டீர்கள். "குளிர்ச்சியா இருக்கு அத்தை" என்றேன். அது பாதி உண்மை. வண்டியின் முன்பாதி. பின்பாதியில் ஆறு பேர் ஒரு மாதமாக வெந்துகொண்டிருக்கிறார்கள். அப்பா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "பொய் சொல்றதுக்குப் படிக்கணும்னு இல்லடா, நான் எட்டாவதுலயே இத்தவிட நல்லா சொல்லுவேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். போனில் எனக்கு வாக்கியம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். தாளிலும் பெரிதாக வராது. ஆனால் தாள் நடுவில் குறுக்கிட்டு "அப்புறம்?" என்று கேட்பதில்லை.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர்க் கம்பெனியோடு நமக்கிருக்கும் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியாது. டிசம்பரில் நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறீர்கள். வந்த பிறகு இந்த வண்டி ஓடுவதை நம்பித்தான் இருக்கப்போகிறீர்கள். இருபத்திரண்டு வருடம் அந்நிய ஊரில் அந்நியர்களுக்கு ஊசி போட்டதன் மிச்சம், ஒரு வெள்ளை வேன். அதை என் கையில் கொடுத்தீர்கள். அது இப்போது ஊசி முனை அளவு ஓட்டைகளால் போகப்பார்க்கிறது.

இந்தப் பாதை உங்களுக்கு பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்ததுதான். இப்போது இன்னும் மோசம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் காலை ஏழு மணிக்கே சுங்கச்சாவடி தொடங்கி எர்ணாவூர் வரை வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநர்கள் கீழே இறங்கி ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கிறார்கள். சிலர் துணியே துவைத்துக் காயப்போட்டுவிடுகிறார்கள். லாரிப் புகை, சாலைத் தூசி, காற்று அந்தப் பக்கம் திரும்பினால் அனல்மின் நிலையச் சாம்பல், இந்தப் பக்கம் திரும்பினால் கருவாடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்து எந்த நிறுத்தம் என்று சொல்லிவிடலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எண்ணூருக்குப் போகிறவன் சாம்பல் சட்டையோடு இறங்குகிறான். இங்கே ஏசி வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கண்ணாடியை மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். குளிர் அதற்குப் பிறகுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்டியில் ஏழு பேர். என் பக்கத்தில், முன்சீட்டில், நிர்வாக அதிகாரி லோகநாதன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று குறிப்பு எழுதுகிறவர் அவர்தான். நடுவரிசையில் மூன்று பேர், அதில் இருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டோர் கீப்பர் ஜெயவேல், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது, எல்லோரையும் நைனா என்பார். அடுத்தவர் செங்கொடி. பரிசோதனைக் கூடத்தில் வேலை, தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், என்னைத் தோழர் என்பார். கடைசி வரிசையில் மூன்று இளைஞர்கள். ஏறியதும் தூங்குவார்கள். அல்லது தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி வரை.

அன்று திருவொற்றியூர் தேரடி தாண்டும்போது பின்பக்கம் வரும் காற்று வெதுவெதுப்பானது. எர்ணாவூர் வருவதற்குள் முன்பக்கமும். லோகநாதன் சார் காற்று வரும் வாயில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொந்த வீட்டில் திருடனைப் பார்ப்பதுபோல.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரம் பீம்ராவ் என்று ஒருவர் ஏசி வேலை செய்கிறார். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கேஸ் சிலிண்டர், அளவற்ற தன்னம்பிக்கை. நான் எம்.ஏ. என்பது எப்படியோ தெரிந்து என்னை வாத்தியாரே என்கிறார். பின்சீட்டுக்கு மேலிருந்த மூடியைக் கழற்றி, உள்ளே காற்றைக் குளிர்விக்கும் சுருள்குழாயின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கு பார்த்தாலும் முட்டை முட்டையாக நுரை.

"இத்த பாரு வாத்தியாரே. உப்புக் காத்து தின்னுட்டுகீது. காயில் பூரா ஓட்ட. நீ சல்லடைல தண்ணி புடிச்சிகினு கீற."

முன்னாலும் பின்னாலும் ஓடுவது ஒரே கேஸ்தான் என்றும், பின்னால் ஒழுகினால் முன்னாலும் காலி என்றும் விளக்கினார். புது காயில் போடலாமா என்று கேட்டேன்.

"போடலாம். பூனாலேந்து வரணும். ஒரு மாசம் ஆவும், ஒண்ற மாசம் ஆவும். அதுவரைக்கும் வண்டிக்கு இன்னா பண்ணுவ, விசிறி வச்சி வீசுவியா?"

"வேற வழி?"

"பின்னாடி போற ரெண்டு பைப்பையும் கட் பண்ணி அடச்சிட்டேன்னு வையி, முன்னாடி சும்மா காஷ்மீர் கணக்கா இருக்கும். பைபாஸ். மனுசனுக்கே பண்றான். வண்டிக்குப் பண்ணா இன்னா?"

நீங்கள் நர்ஸ். பைபாஸ் என்றால் அடைத்த இடத்தைச் சுற்றி ரத்தத்தைக் கொண்டுபோவது என்று உங்களுக்குத் தெரியும். பீம்ராவின் பைபாஸில் சுற்றிக் கொண்டுபோவது கிடையாது. காலை எடுத்துவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்பதுதான் அது. அன்று எனக்கு இது தோன்றவில்லை. லோகநாதன் சாரின் பார்வை மட்டும்தான் மனதில் இருந்தது. சரி என்றேன். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் மற்றதெல்லாம்.

பீம்ராவ் இரண்டு குழாயையும் ஒழுங்காக அடைத்தார். பிறகு தாராள மனதோடு இரண்டு பக்கத்துக்குமான கேஸை ஒரே பக்கத்துக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் மூன்று நிமிடம் ஐஸ், மூன்று நிமிடம் அனல். அழுத்தம் தாங்காமல் கம்ப்ரஸர் தானாக நின்று நின்று ஓடியது. லோகநாதன் சாருக்கு எண்ணூர் போவதற்குள் மலேரியா வந்து போனதுபோல ஆகிவிட்டது. திரும்பக் கொருக்குப்பேட்டை. "ரெண்டு ஆளு சோத்த ஒரே ஆளு துன்னா மூச்சு முட்டாதா? வண்டி இன்னா பண்ணும் பாவம்" என்று பீம்ராவ் வண்டிக்காக வருத்தப்பட்டார். சோறு போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. பாதி கேஸை எடுத்தார். அதற்குப் பிறகு முன்சீட்டு உண்மையிலேயே காஷ்மீர். சித்திரை வெயிலில் லோகநாதன் சார் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். "இப்பதான் நோயல் வண்டி மாதிரி கீது" என்றார்.

பின்பக்கக் காற்றாடியை மட்டும் பீம்ராவ் நிறுத்தவில்லை. "ஓடட்டும் வாத்தியாரே. காத்து வந்தா மனசு ஆறும்" என்றார். இதை நான் ஏமாற்று வேலை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் பின்வரிசைக்குக் காற்று வந்தது, வெறும் காற்று, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஜெயவேல் என் தோளைத் தட்டி, "கொஞ்சம் கம்மி பண்ணு நைனா. மூட்டு இழுக்குது" என்றார். நான் கைப்பிடியைத் திருப்பிக் காற்றைக் குறைத்தேன். "ஆங், இப்ப செரியா கீது" என்று சாய்ந்துகொண்டார். ஐந்து வருடம் தத்துவம் படித்தேன் அத்தை. நம்பிக்கை என்றால் என்ன என்று இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. வெட்கமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் அதிக வெட்கம்.

நான்காம் நாள் செங்கொடி கைப்பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். உங்களுடையது போல ஜுரம் பார்ப்பது அல்ல, பரிசோதனைக் கூடத்தில் பயன்படுத்தும் நீளமான ஒன்று. சுங்கச்சாவடியிலிருந்து தேரடி வரை அதைக் காற்று வரும் வாயில் பிடித்துக்கொண்டிருந்தார். தேரடியில், "தோழர் நோயல், வண்டிய ஓரம் கட்டுங்க" என்றார்.

"இன்னா மேடம்?"

"மேடம் இல்ல, தோழர். இங்க முப்பத்தெட்டு. இருங்க, முன்னாடி பாக்கறேன்." லோகநாதன் சாரின் தோளுக்கு மேல் தெர்மாமீட்டரை நீட்டினார். அவர் குத்துகிறார்கள் என்று நினைத்துக் குனிந்துகொண்டார். "இருபத்தொண்ணு. ஒரே வண்டி, ஒரே கம்பெனி. பதினேழு டிகிரி வித்தியாசம்."

"எனக்கும் வேர்க்குதும்மா" என்றார் லோகநாதன் சார், மஃப்ளருக்குள்ளிருந்து.

"நேத்து ஜில்லுனு இருந்துச்சே" என்றார் ஜெயவேல்.

"அது ஒங்க மனசுண்ணே."

ஜெயவேல் தெர்மாமீட்டரைப் பார்த்தார். அந்த நிமிடமே அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. சட்டையின் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டு, "நாலு நாளா அனல்லயா கொளுத்திகினு வந்த நைனா நீ" என்றார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. தன் மூட்டின்மேல்தான் கோபம் என்று நினைக்கிறேன். அதை அவர் நம்பியிருந்தார்.

அன்றிலிருந்து கண்ணாடிச் சண்டை. பின்னால் வேகிறது என்று கடைசி வரிசை இளைஞர்கள் கண்ணாடியை நகர்த்துவார்கள். லாரிப் புகையும் சாம்பலும் உள்ளே வரும், முன்சீட்டுக் குளிர் வெளியே போகும். "கண்ணாடிய மூடுங்கப்பா" என்பார் லோகநாதன் சார் திரும்பாமல். "மூடறோம் சார். நீங்க இங்க வந்து உக்காந்துகினு மூடுங்க" என்பார் செங்கொடி. மூடினால் வேகிறார்கள். திறந்தால் இருமுகிறார்கள். பாதி திறந்தால் இரண்டும். செங்கொடி ஒவ்வொரு நிறுத்தத்திலும் உரக்க வாசிப்பார். நடுவரிசை முப்பத்தெட்டு. கடைசி வரிசை நாற்பது. முன்சீட்டு இருபத்தொன்று, மஃப்ளருடன். நான் ஓட்டிக்கொண்டிருப்பேன். என் வலது பாதியும் இடது பாதியும்கூட வேறு வேறு வெப்பநிலையில் இருந்தன.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "டேய், நாப்பது வருசம் போர்ட்டுல கிரேன் ஓட்டுனேன். எந்த கிரேன்ல ஏசி இருந்துச்சு? செத்தா பூட்டேன்?" என்றார். பிறகு மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பூனாவிலிருந்து காயில் வருகிற வழியாக இல்லை. மறுபடியும் பீம்ராவ். இந்த முறை அவரே ஒரு யோசனை வைத்திருந்தார். முன்னால் குளிர் தேவைக்கு மேல் இருக்கிறது, பின்னால் இல்லை, ஆக ஒரு குழாய் போட்டு முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோய்விடலாம். கேட்கும்போது நியாயமாக இருந்தது. சோஷலிசம்கூட இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். குழாய்க்கு எங்கே போவது என்று நான் யோசிப்பதற்குள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், உடைத்த விசைப்படகு ஒன்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஓஸ் எட்டு அடி வாங்கிவந்துவிட்டார். நெளிநெளியான கறுப்புக் குழாய், ஒரு ஆளின் முழங்கை தடிமன். ஒரு முனையை முன்சீட்டுக் காற்றுவாயில், லோகநாதன் சாரின் முழங்கால் மறைவில், ரப்பர் வாரால் கட்டினார். மறுமுனை சீட்டுகளுக்கு நடுவே ஊர்ந்து நடுவரிசையில் வந்து தலையைத் தூக்கியது.

"கழுவுனியா பீம்ராவ்?"

"ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி டீசல்ல."

குளிர் வந்தது. உண்மையாகவே வந்தது. இறால் வாடையோடு, டீசல் வாடையோடு வந்தது. இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஆறு பேர், ஒரு வாய். யார் பக்கம் திருப்புகிறோமோ அவருக்கு மட்டும் குளிர். மற்ற ஐந்து பேரும் குளிரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் நாள் இழுபறி. இரண்டாம் நாள் செங்கொடி ஒரு அட்டவணை எழுதி என் சீட்டின் முதுகில் ஒட்டினார். ராயபுரம் முதல் தண்டையார்பேட்டை வரை இவர், அங்கிருந்து சுங்கச்சாவடி வரை அவர், தேரடி, எர்ணாவூர், காத்திவாக்கம், எண்ணூர். ஆறு பேர், ஆறு பகுதி. மாலையில் தலைகீழ் வரிசை. ஜெயவேல், வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி முதல் பகுதி தனக்கு வர வேண்டும் என்றார். கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் முதல் பகுதி மிகவும் சிறியது என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் சுங்கச்சாவடிப் பகுதி கடைசி வரிசை இளைஞன் ஒருவனுக்குப் போய்விட்டிருந்தது. அங்கேதான் லாரி வரிசை. வண்டி முப்பது நிமிடம் நகராமல் நிற்கும். அவன் ஓஸை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். சட்டை பந்துபோல உப்பிக்கொள்ளும்.

"டேய் பலூனு, எட்றா போதும்" என்றார் ஜெயவேல்.

"என் ஏரியா இன்னும் முடியல மாமு. அட்டவணயப் பாரு."

"வண்டி நின்னுகினு கீது. நிக்கிற நேரம் எல்லாருக்கும் பொது."

நிற்கிற நேரம் யாருடையது என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது அத்தை. நான் பல்கலைக்கழகத்தில் கேட்ட எந்த விவாதத்தையும்விட அது ஆழமாக இருந்தது. காலம் பெரிதா, இடம் பெரிதா. கடைசியில் இடத்தைத் தள்ளிவிட்டுக் காலத்துக்கு மாறினார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், ஜெயவேலின் கைக்கடிகாரப்படி. அவருடைய பத்து நிமிடம் மட்டும் சற்று நீளம் என்று புகார் வந்தது. நான் எதிலும் தலையிடவில்லை. நான் ஓட்டுநர் மட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உலகத்தில் நிறைய பேர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிம்மதி ஒன்பது நாள். பத்தாம் நாள் ஓஸில் காற்று நின்றது. பதினோராம் நாளும் இல்லை. கேஸ் போய்விட்டதோ என்று பயந்து, கம்பெனி வாசலிலேயே காட்டிவிடலாம் என்று பீம்ராவைச் சாயங்காலம் எண்ணூருக்கு வரச்சொன்னேன். எல்லோரும் ஏறக் காத்திருந்த நேரம். அவர் முன்சீட்டுக்குக் கீழே கையைவிட்டுத் துழாவினார். "உள்ள என்னமோ மாட்டிகினு கீது" என்றார். இழுத்தார். மெதுவாக, மாட்டின் வயிற்றிலிருந்து கன்று வருவதுபோல, அது வந்துகொண்டே இருந்தது. பழுப்பு நிறம், கம்பளி, ஓரத்தில் குஞ்சம். லோகநாதன் சாரின் மஃப்ளர்.

லோகநாதன் சார் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடல் தெரியாது, மதில்தான் தெரியும்.

"காத்துல பூந்துட்டுக்கும்" என்றார் பீம்ராவ். அவர் அறியாமல் சொன்னதுதான். லோகநாதன் சாரின் காதுகள் சிவந்தன.

"காத்து முன்னாடியிருந்து பின்னாடி வருது. முடிச்சுப் போட்டுகினா பூந்துச்சு?" என்றார் செங்கொடி. உண்மைதான். மஃப்ளரில் இரண்டு முடிச்சு இருந்தது, நன்றாக அடைக்கட்டும் என்று. செங்கொடி அதைக் கையில் வாங்கி, மடித்து, ஒரு காக்கி உறையில் போட்டு, மேலே தேதி எழுதினார். மறுநாள் சங்கத்தின் கடிதம் நிர்வாகத்துக்குப் போனது, எனக்கு ஒரு நகல். நீளமான கடிதம். வெப்பநிலைப் பட்டியல் இரண்டு பக்கம். கோரிக்கை ஒரே வரி: ஊழியர் வண்டியில் ஏசி என்றால் எல்லோருக்கும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "ஒரு வண்டி ஏசிக்காக நான் ரெண்டு மீட்டிங் போட்டுட்டேன். முப்பத்தொண்ணுக்குள்ள இது முடியணும். இல்லன்னா வேற வண்டி பாத்துக்கறோம்" என்றார். லோகநாதன் சார் பக்கத்தில் நின்றிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் தனியாக, "நான் எழுதற நோட்டு எப்படி இருக்கணும்னு நீயே யோசிச்சிக்கோ நோயல்" என்றார். முன்சீட்டைக் குளிரவைத்தால் பின்சீட்டு என்னைத் துரத்தும். பின்சீட்டைக் குளிரவைத்தால் முன்சீட்டு குறிப்பு எழுதும். நான் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரே வழிதான். பின்பக்கத்தை உண்மையாகவே சரிசெய்வது. பீம்ராவ் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து, விபத்தில் முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து நல்ல காயில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். "பின்னாடி ஒரு கீறல் இல்ல வாத்தியாரே. கொழந்த மாதிரி கீது." நாளை ஞாயிறு, பூசை முடிந்ததும் பொருத்துகிறோம். உங்களைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும். முதல் முறையும் உங்களைக் கேட்காமல்தான் சரி என்றேன்.

ஏன் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நான் எம்.ஏ. முடித்தபோது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அத வெச்சி இன்னா பண்ணப் போற. நீங்கள் கேட்கவில்லை. விடுமுறைக்கு வந்தீர்கள், டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தீர்கள், சாவியைக் கொடுத்தீர்கள். "ஓட்டு" என்றீர்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குமுன் போய் நின்று, ஓட்டவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு மாதமாக முடியவில்லை. இப்போதும் தாளின் மறைவிலிருந்துதான் சொல்கிறேன். திங்கட்கிழமை பின்வரிசை குளிர்ந்தால் வண்டி தப்பிக்கும். இல்லையென்றால் டிசம்பரில் உங்களை அழைக்க விமான நிலையத்துக்கு வரும்போது என்ன முகத்தோடு வருவேன் என்று தெரியவில்லை. எந்த வண்டியில் வருவேன் என்றும் தெரியவில்லை.

அப்பா உங்கள் சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று கேட்கச் சொன்னார், தனக்கும் அதையே வாங்கிக்கொள்ளலாமாம். வேண்டாம் என்று எழுதுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை. அம்மா குழந்தையேசு படத்துக்கு முன்னால் உங்கள் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறார். உங்கள் இரவு ஜெபத்தில் எங்கள் மூவரோடு, பின்சீட்டுக்கு மேலிருக்கும் அந்தக் காயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசீரையும் மன்னிப்பையும் வேண்டும்,
நோயல்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். ஞாயிறு மதியம் காயிலைப் பொருத்திவிட்டோம். மீஞ்சூர் வரை ஓட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் உட்கார்ந்துவந்த பீம்ராவ் தும்மினார். அதைவிட நல்ல சான்று கிடையாது. நேற்றுக் காலை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முன், நடு, கடைசி, எங்கும் இருபத்திரண்டு. யாரும் சண்டை போடவில்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணூரில் இறங்கினால் வாசலில் சங்கத்துக்காரர்கள் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் கோரிக்கையை முழுமையாக ஏற்றுக்கொண்டதாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. ஊழியர்களின் கோரிக்கையை ஏற்று, ஊழியர் வண்டியில் இனி யாருக்கும் ஏசி கிடையாது. இன்று முதல். இதே வண்டிக்கு ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது, வாடகை சற்றுக் குறைவாக. வண்டி கண்ணாடிகளைத் திறந்துகொண்டுதான் உள்ளே வருகிறதா என்று வாசல் காவலர் பார்ப்பார். செங்கொடி கையில் லட்டோடு அதை இரண்டு முறை படித்தார். "ஜெயிச்சிட்டோம் தோழர்" என்றார், மெதுவாக.

சாயங்காலம் ஆறு கண்ணாடியும் திறந்தபடி கிளம்பினோம். சாம்பல் வந்தது. கருவாடு வந்தது. எர்ணாவூர் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் தூசி. லாரி வரிசையில் நின்றதும் ஜெயவேல், "கேட்டு தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டோம்ல நைனா. இங்க யாரு பாக்கப் போறா" என்றார். எல்லோரும் செங்கொடியைப் பார்த்தார்கள். செங்கொடி லோகநாதன் சாரைப் பார்த்தார். உத்தரவை நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரி அவர்தான். லோகநாதன் சார் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நான் அப்பவே தூங்கிட்டேன். எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். செங்கொடி மடியில் விழுந்திருந்த சாம்பலைத் தட்டிவிட்டார். பிறகு தன் கண்ணாடியை ஏற்றினார். நான் சுவிட்சைப் போட்டேன்.

இன்று காலையும் அப்படியே வந்தோம். கம்பெனி வாசலுக்கு நூறு அடி முன்னால், யாரும் சொல்லாமல், ஆறு கண்ணாடியும் ஒரே நேரத்தில் இறங்கின. எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேர்த்தவர்கள்போல உட்கார்ந்தார்கள். காவலர் எட்டிப் பார்த்து, பாவம் என்று தலையாட்டிவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டார்.